பேசக் கூடாத நாள்

"காலை வணக்கம்" என்று சிஞ்ஞோரா சொன்னபோது எனக்குத் திக்கென்றது. வேறு யார் சொல்லியிருந்தாலும் பதிலுக்கு ஒரு சிரிப்போடு காரை எடுத்திருப்பேன். அன்று மாலை அவருக்குப் பாட்டு இருந்தது. பாட்டு இருக்கும் நாளில் அவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். அவர் அதைக் கவனிக்காமல் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "எங்காவது போகலாம், நிறுத்தாமல் ஓட்டுங்கள்" என்றார்.

சிஞ்ஞோரா இத்தாலியிலிருந்து வந்த ஓபரா பாடகி. மைக் இல்லாமல், பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு மேலே கேட்கும்படி, ஒரு கதை முழுவதையும் பாடியே நடிக்கிற அந்தக் கலையில் முப்பது வருடத்துக்கு மேல் பெயரெடுத்தவர். சிஞ்ஞோரா என்பது அவர்கள் மொழியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். அரங்கத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஓக்லாந்தில் சில வாரங்கள் பாட வந்தவருக்கு நான் வேலைசெய்த வாடகைக் கார் நிறுவனத்தில் ஒரு காரையும் சாரதியாக என்னையும் பிடித்திருந்தார்கள். நான் ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவள். அவர் என்னையும் தோற்கடித்தார். நகரத்தின் நடுவில் அவருக்குக் கொடுத்த வீட்டில் ஒரு மணி நேரம் தங்கமாட்டார். ஹென்டர்சன் கடைத்தெருவுக்கு ஓட்டச் சொல்வார், போனதும் இறங்காமலே திருப்பச் சொல்வார். ஈஸ்ட் டாமாக்கியில் கிடங்குகளுக்கு நடுவே போகும் தெருக்கள்தான் அவருக்கு மிகவும் பிடித்தவை. அங்கே யாரும் தன்னைப் பாடச் சொல்லிக் கேட்கமாட்டார்கள் என்பார். அங்கே ஒரு கிடங்கில் வேலைசெய்த என் கணவர், வாசலில் என் கார் மூன்றாம் தரம் போவதைக் கண்டு, "என்ன, என்னை வேவு பாக்கிறீரோ?" என்று போன் எடுத்தார்.

முதல் பாட்டு நாளன்று எனக்கு இந்த வழக்கம் தெரியாது. வணக்கம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். மழையைப் பற்றிச் சொன்னேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் ஆட்களிடையே ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லையென்றால் கோபம் என்றுதான் அர்த்தம். கலியாண வீட்டில் "வாங்கோ" என்று கேட்காமல் விட்டதற்காக வருடக்கணக்கில் பேசாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மதியம் லின்ஃபீல்டில் வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன்.

"நீர் என்னவும் சொன்னனீரோ?" என்றார் கணவர், லீவில் படுத்திருந்தவர்.

"ஒண்டும் சொல்லேல்லை. குட் மோர்னிங் எண்டனான், அவ்வளவுதான்."

"அப்ப மன்னிப்புக் கேட்டுப்போட்டு வாரும். என்னத்துக்கெண்டு பிறகு யோசிப்பம்."

மாலையில் அவரை ஏற்றப் போனபோது ஒரு பிளாஸ்கில் சூடாக மல்லித்தண்ணி கொண்டுபோய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டில் விரலை வைத்து, சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். குரலுக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. மல்லித்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

பாட்டில்லாத நாட்களில் அதற்கும் சேர்த்து வைத்துப் பேசுவார். கடற்கரைப் பட்டணம் ஒன்றில் படகு திருத்துபவரின் மகள். மாதா கோயிலில் பாடியதைக் கேட்டு யாரோ நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். பல வருடங்கள் கூட்டப் பாடகர்களின் கடைசி வரிசையில் நின்றார். ஒரு நாள் கதாநாயகிக்குக் காய்ச்சல் வர, அந்த வேடம் முழுவதும் மனப்பாடமாக இருந்த இவரை மேடையில் ஏற்றினார்கள். அன்றோடு பெயர் வந்தது, வீடு போனது. ஊர் ஊராகப் பெட்டி தூக்கினார். இரண்டு கலியாணமும் நிலைக்கவில்லை. ஒரே மகன். பாட்டு நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் வாயை மூடிக்கொள்ளுமாம். "ஒரு தடவை அவனுக்குக் கடுமையான காய்ச்சல். என்னைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தான். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவு நன்றாகப் பாடினேன்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நானென்றால் பாட்டைத் தூக்கி எறிந்திருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்ல என்ன, யாரும் என்னைப் பாடக் கூப்பிடவில்லையே.

கடைசிக்கு முந்தின பாட்டில், உச்சத்தில் நிற்க வேண்டிய இடத்தில், அவர் குரல் உடைந்துபோனது. அவரே மறுநாள் காரில் சொன்னார். அந்த வேடத்தைப் படித்த இன்னொரு பாடகி தயாராக இருக்கிறார், கடைசிப் பாட்டைப் பாடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று அரங்கத்தில் சொல்லிவிட்டார்களாம். பாடினால் சனங்களுக்கு முன்னால் மறுபடி உடையலாம். விட்டால் இனி எந்த ஊரிலிருந்தும் அழைப்பு வராது; அந்த வயதில் அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மனம் மாறினார். பாடுகிறேன் என்பார், பச்சை விழுந்ததும் இல்லை என்பார். எனக்கே தலை சுற்றியது.

அடுத்த நாள் சனிக்கிழமை, அந்தக் கடைசிப் பாட்டு நாள். அன்று காலைதான் வணக்கம் சொன்னார். மோட்டர்வே நெடுகப் பேசினார். விளம்பரப் பலகைகளை வாசித்தார், வீட்டு விலை கேட்டார், என் கணவர் மதியம் என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். குரல் கரகரத்தது. நான்தான் அன்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். ஈஸ்ட் டாமாக்கியில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் முன் நிறுத்தச் சொல்லி, மகனுக்குப் போன் எடுத்தார். இத்தாலியில் அப்போது முதல் நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். ஏதோ சொன்னார், கேட்டார், பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"யார் செத்துப்போனது என்று கேட்கிறான். எனக்கு இன்று பாட்டு நாள் என்று அவனுக்குத் தெரியும்."

நான் இறங்கி வேலியோரம் போய் நின்றேன். காற்று பிய்த்தெடுத்தது. சற்று நேரத்தில் அரங்கத்து மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"சிஞ்ஞோரா ஓய்வெடுக்கிறாரா?"

"இல்லை, மகனோடு பேசிக்கொண்டிருக்கிறார்."

"பேசுகிறாரா? வாயாலா?"

"வாயால்தான்."

அவர், "சரி, மற்றப் பாடகியைத் தயாராகச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டார். காருக்குள் சிஞ்ஞோரா கைகளை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்ணாடிக்கு வெளியே இருந்து எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டார். பிறகு எங்கும் பாடியதாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது நான் கார் ஓட்டுவதில்லை. மகள் வெலிங்டனில் வேலைசெய்கிறாள். மத்தியான நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாமல் அவளைக் கூப்பிட்டால், எடுத்ததும், "அம்மா, வாட்ஸ் ரோங்? அப்பா ஓகேயா?" என்கிறாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சும்மா கதைப்பம் எண்டு எடுத்தனான்."

அவள் நம்புவதில்லை. மறுபடியும் கேட்கிறாள். சிஞ்ஞோராவின் மகன் அன்று நம்புவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டு வைத்திருக்கலாம்.