குடும்பத்தில் யாருக்கு பிரஷர்?

என்னைப் பார்த்ததும் நர்சுகள் மாண்டரின் சீனத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது. பிறப்பால் நான் சீனப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே ஜாலான் புசார் வட்டாரத்தில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் என்னைத் தத்தெடுத்து வளர்த்தது. நான் தமிழில் பதில் சொன்னால், பாவம், முழிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் குஷிதான்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரஷர். அப்பா அதனால்தான் பக்கவாதம் வந்து விழுந்தார். அம்மாவும் அண்ணனும் மாத்திரையில் ஓடினார்கள். ஐம்பதைத் தொட்டபோது எனக்கும் வந்தது. "இப்பதான் நீ நம்ம வீட்டுப் பொண்ணு" என்று அண்ணன் கிண்டல் செய்தார். வெளியே சொன்னால் வெட்கக்கேடு, எனக்குப் பெருமையாக இருந்தது. அதிலிருந்து எந்த டாக்டர் கேட்டாலும், பரம்பரை வியாதி, அப்பா அம்மா இருவருக்கும் உண்டு என்று ஒப்பிப்பேன்.

போன வருடம் என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. திடீரென்று அவளுக்கும் பிரஷர் ஏறிவிட்டது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். அம்மா வழியில் யாருக்காவது பிரஷர் உண்டா என்று கேட்டார். நான் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டேன்.

மகள் என் கையைப் பிடித்தாள். "அம்மா, தாத்தா பாட்டியோடது எனக்கு வராதும்மா. உள்ளதைச் சொல்லுங்க."

சுருக்கென்றது. அவள்மேல் கோபம்கூட வந்தது. ஆனால் குழந்தை விஷயமாயிற்றே. என்னைப் பெற்றவர்கள் யார், அவர்களுக்கு என்ன வியாதி, ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். வளர்த்த அம்மாவை விட்டுக்கொடுத்தது போல இருந்தது.

டாக்டர் நிதானமாகத்தான் இருந்தார். பிரஷர் வருவதற்கு ஒரே ஒரு மரபணு காரணமில்லை, சின்னச் சின்ன வேறுபாடுகள் பல சேர்ந்துதான் ஆபத்தைக் கூட்டும், உப்பும் எடையும் வயதும் கூடவே சேரும் என்றார். பிறகு எனக்கு பிரஷர் உண்டா என்று கேட்டார். பல வருடமாக மாத்திரை போடுகிறேன் என்றேன்.

"அது போதும் ஆன்ட்டி. இவங்களுக்கு ஃபேமிலி ஹிஸ்டரி நீங்கதான்."

அன்றே மகளுக்கு மாத்திரை தொடங்கினார்கள். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அன்று டாக்டரின் அறையில், பெற்ற பிள்ளைக்கு வியாதியைக் கொடுத்துவிட்டோமே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அங்கே தோன்றியது வேறு. உலகத்தில் என் ரத்தம் என்று சொல்ல எனக்கும் ஒருத்தி இருக்கிறாள்.