பால் மரத்தில் ஒரு விரிசல்

ஈப்போவின் ஓரத்தில் உள்ள எங்கள் பிளாட் கட்டடத்தில் என் வீடு கீழ்த்தளம். படுக்கையறையின் வெளிச்சுவரில் ஒரு விரிசல் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குகிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன்; டைரியிலும் குறிப்பேன். சுவர் பிளந்துகொண்டே போகிறது என்று நிர்வாக அலுவலகத்துக்குக் காட்ட வேறு சாட்சி இல்லை.

பழுதுபார்க்கக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன், பதிலில்லை. சுவரில் படம் வரைய வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் ஒரே வாரத்தில் அனுமதி கிடைத்தது. நான்கு சுவர் இருக்க, ஏன் விரிசல் விட்ட இந்தச் சுவர் என்று கேட்டேன்.

"ரோட்டுலேர்ந்து இதுதான் தெரியுது அக்கா," என்றாள் ஓவியப் பெண். அதுவும் உண்மைதான்.

மாடியில் இருக்கும் லாரிக்கார அண்ணன் சிரித்தார். "நம்ம பிளாட்டுக்கு பவுடர் போட வந்திருக்காங்க. நீங்க என்னா போலீஸ் மாதிரி டைரியோட நிக்கிறீங்க?" சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தன் அம்மாவின் புகைப்படத்தை வரைவதற்குக் கொடுத்ததே அவர்தான்.

நான் வேலை முடிந்து வருவதற்குள் சுவரில் ஒரு ரப்பர் மரம் நின்றது. விரிசல் அதில் பால் வடியப் போட்ட வெட்டாகியிருந்தது. நுனியில் பால் பிடிக்கும் கிண்ணம், மங்கு. அருகே அண்ணனின் அம்மா. என் பென்சில் கோடுகள் பட்டை நிறத்துக்கு அடியில். வெட்டின் சரிவு சரியாகத்தான் இருந்தது. என் அம்மாவும் அப்படித்தான் வெட்டுவார்.

இரண்டு வாரத்தில் டாக்சிக்காரர்களுக்கு நாங்கள் 'பால் மரம் பிளாட்' ஆனோம்.

அலுவலகத்திலிருந்து ஒருவர் கேமராவுடன் வந்தார். டைரியைக் காட்டினேன்.

"எங்க அக்கா விரிசல்? அது படம் லா."

என் நகத்தை உள்ளே விட்டுக் காட்டினேன்.

"சாயம் காஞ்சா அப்படித்தான் வெடிக்கும். கொஞ்சம் சிரிங்க," என்று என்னையும் சேர்த்துப் படமெடுத்தார்.

அடுத்த முதல் ஞாயிறு பார்த்தேன். விரிசல் மங்கின் அடியைக் கடந்து இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர் இம்முறை சிரிக்கவில்லை.

"படத்துல எங்கம்மா கால்ல ஏறிருச்சே அக்கா."

பென்சிலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இது வேணாம். மறுபடியும் சாயம் அடிச்சிருவானுங்க. கோடு கீற வீட்டுல ஆணி இருக்கா?"