ஈரத்தின் மேல் மெழுகு

போர் முடிந்த மறு ஆண்டு எங்கள் பஸ் முதலாளி, பட்டாளம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்துத் திருத்தணிக்குக் கொண்டுவந்தார். நான் அவருடைய ஷெட்டில் மேஸ்திரி. எந்த வண்டிக்கு எந்த நாளில் என்ன செய்தேன் என்பதை அன்றன்றே நோட்டில் எழுதி வைப்பவன். இப்போது சொல்லப்போவதும் அதில் இருக்கிறது. ஆனால் நடந்தபடி இல்லை.

ஜீப்புக்கென்று முதலாளி ஒரு டிரைவரை வைத்தார். ஆர்.கே.பேட்டைக்காரன், முப்பது வயதிருக்கும். பர்மா எல்லையில் பட்டாளத்து வண்டி ஓட்டித் திரும்பியவன்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. பஸ் போகாத ஊர்களுக்கு, ஓடையிலும் ஆற்றிலும் இறங்கிப் போகவே முதலாளி அதை வாங்கினார். அதனால் என்ஜினின் மின்சார இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கச் சொன்னார். காயில், பிளக்குகள், அவற்றுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்று மொத்தம் பதினொரு இடங்களை எண்ணிக் குறித்துக்கொண்டேன். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிப் பூசி, மேலே சைக்கிள் டியூப் துண்டை மாட்டி, மெழுகு தேய்த்த நூலால் இறுகக் கட்டுவது என் முறை.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. காலையில் கிளீனர்கள் எல்லா வண்டிகளையும் கழுவினார்கள். ஜீப்பின் பானெட்டையும் திறந்து, வாளி வாளியாக ஊற்றிவிட்டார்கள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்கு முன் பூஜை முடியவேண்டும். ஜீப் வேலை முடிந்த வண்டியாகப் பூஜைக்கு நிற்கவேண்டும் என்றார் முதலாளி. நான் மெழுகை உருக்கினேன்.

டிரைவர் குனிந்து டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டுப் பார்த்தான். "மேஸ்திரி, உள்ள ஈரம் இருக்குதுங்க. மூடியக் கழட்டி ஒரு நாளு வெயில்ல வச்சா நல்லது. பட்டாளத்துல அப்படித்தான் செய்வோம்."

"துணியால தொடச்சாச்சு."

"தொடச்சா போவாதுங்க."

"நீ ஓட்டறதப் பாரு நைனா. பட்டாளத்துப் பாடம் பட்டாளத்தோட போச்சு."

கிளீனர்கள் சிரித்தார்கள். அவனும் கூடவே சிரித்துவிட்டு நகர்ந்தான். பத்தேகாலுக்குப் பதினோராவது முடிச்சைப் போட்டேன். சந்தனம் வைத்தார்கள், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினார்கள். "பதினொரு இணைப்புகளும் உலர்ந்த நிலையில் அடைக்கப்பட்டன" என்று நோட்டில் எழுதினேன். உலர்ந்தனவா என்று நான் திறந்து பார்க்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியது. முதலாளியும் மனைவியும் மகனுக்குப் பெண் நிச்சயம் செய்ய, வரிசைத் தட்டுகளோடு ஜீப்பில் புறப்பட்டார்கள். பொதட்டூர்பேட்டையைத் தாண்டி, ஆற்றுக்கு அக்கரையில் பெண் வீடு. நடு ஆற்றில் வண்டி நின்றுவிட்டது. பெண் வீட்டார் கரையில் நின்று பார்க்க, முதலாளியின் மனைவி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்திருக்கிறார். மாடு கட்டி ஜீப்பை இழுத்தபோது, "பஸ் மொதலாளி மாட்டு வண்டியில வராரு டோய்!" என்று யாரோ கத்தினானாம்.

மறுநாள் ஜீப்பை ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் நான் தனியாக அடைப்புகளைப் பிரித்தேன். மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை. ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போயிருக்க வழியில்லை. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. ஒரு மாதமாக உள்ளேயே கிடந்த ஈரம். சூடேறிய மூடியில் ஆற்றின் குளிர்ச்சி பட்டதும் அது துளியாகி, பிளக்குக்குப் போகும் மின்பொறியைத் தின்று வண்டியை நிறுத்தியிருக்கிறது. டிரைவர் அன்று சொன்னது இதைத்தான்.

துணியை எடுத்து எல்லாவற்றையும் துடைத்தேன். களிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். வழக்கம்போல் ஒழுங்காகச் செய்தேன்.

முதலாளி வந்தார். டிரைவர் அவர் பின்னால் நின்றான்.

"யாரு தப்புய்யா இது? உன் வேலையா, அவன் வேலையா?"

பிரித்த மெழுகுக் கூடுகளைக் காட்டினேன். "பாருங்க, ஒண்ணுகூட ஒடையலீங்க."

அது உண்மை. அந்த உண்மையை மட்டும் சொன்னேன்.

"அப்போ நீ ஆழத்துல எறக்கி இருக்கே" என்று முதலாளி டிரைவர் பக்கம் திரும்பினார்.

"இல்லீங்க மொதலாளி. ஃபேன் தண்ணிய வாரி அடிக்காம இருக்க அதோட பெல்ட்டக் கழட்டிட்டு மெதுவாத்தான் எறக்கினேன். தண்ணி சக்கரத்துக்கு மேல ஏறவே இல்லீங்க."

"என் பொண்டாட்டிய ஊரு சிரிக்க ஆத்துல நடக்க வச்சிட்டு வாய் வேற பேசறியா? போடா வெளியே."

அவன் என்னைப் பார்த்தான். நான் கீழே கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து அவன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"மணவூருல ஒரு லாரிக்காரரு ஆளு தேடிக்கினு இருக்காரு, மேஸ்திரி. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். உங்க எழுத்துன்னா நம்புவாங்க."

எழுத உட்கார்ந்தேன். அவன் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன் மேஸ்திரி. நான்தான் கொஞ்சம் வேகமா எறக்கிட்டேன் போல. மொதல்ல உள்ள ஈரம்தான் காரணம்னு நெனச்சேன். நீங்க பாத்துச் செஞ்ச வேல, அப்படி இருக்காது இல்ல?"

பேனா காகிதத்தின் மேல் நின்றது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தது.

"போனது போவட்டும்" என்றேன்.

'பொறுப்பானவர், தண்ணீரிலும் மேட்டிலும் நிதானமாக ஓட்டக்கூடியவர், சொந்தக் காரணத்தால் விலகினார்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஆத்துல வண்டி நின்னத எழுதலீங்களா?"

"எழுதல."

அவன் முகம் தெளிந்தது. தன் தவறை நான் மறைத்துக் காப்பாற்றியதாக நினைத்துவிட்டான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டான்.

நான் எழுந்து நின்று, அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.