பாறை பேசும் தூரம்

எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கிரானைட் அறுக்கிறார்கள். அந்தக் கல்தூசி வாசனை, எழுபதுகளில் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொள்ளுக்காட்டை ஒட்டி நின்றிருந்து, பிறகு துண்டு துண்டாக லாரியேறி இல்லாமலே போன பாறையை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

வெயில் தாழ்ந்ததும் செல்வி அக்கா என்னை அங்கே இழுத்துப்போவாள்; அவள் கூவுவாள், பாறை திருப்பிக் கூவும், அது பாறையின் குரலா தன் குரலா என்று கேட்டுக்கொண்டே, வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டால் "ஏம்மா" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, மறுபடி முன்னும் பின்னும் நடந்து கூவிப் பார்ப்பாள்.

"கிட்டப் போனா பேசாதுடா. தள்ளி நின்னாத்தான் பேசும்," என்று ஒருநாள் அவளே கண்டுபிடித்தாள்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த மறுநாள், அக்கா எப்போதும் நின்று கூவும் அந்தப் பாறைக்கே போய், அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு அம்மா "செல்வீ, செல்வீ" என்று கூப்பிட்டாள். பாறை பேசவில்லை.

"தள்ளி வந்து கூப்புடும்மா. அக்கா சொல்லுச்சு."

அம்மா எழுந்து, நான் காட்டிய இடத்தில் வந்து நின்று கூப்பிட்டாள். பாறையும் "செல்வீ" என்றது.

"ஏம்மா" என்ற பதிலுக்காக அம்மா இருட்டும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.