நீலம் ஏறாத கலங்கள்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரக் காணியில் ஒரு மலையகத் தம்பதி குதிரை வளர்த்தார்கள். கணவர் முன்பு பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். ஓட்டம் ஓய்ந்த பெண்குதிரையொன்றைக் கழிக்கப்போகிறார்கள் என்று அறிந்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். யானைக்கு வெருண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்ததில் அதன் முன்கால் தசைநாண் கிழிந்துவிட்டது. ஸ்கேனில் நாணின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை.

"இனி நடக்காதுன்னா சொல்லிருங்க டாக்டரம்மா," என்றார் கணவர்.

"நடக்கும். ஆனா நான் சொல்லுறபடி செய்யவேணும்."

இங்கே நான் மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். ஆனாலும் படித்த காலத்தில் குதிரையின் உயிர்க்கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்ப்பதில் என் கை நன்றாகப் பழகியிருந்தது. குதிரையின் நெஞ்செலும்புக்குள் இருந்து மச்சை எடுத்து, நாணை ஆற்றக்கூடிய கலங்களை அதிலிருந்து வளர்த்துத் தரும்படி என்னோடு படித்தவளின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். கலங்கள் பெருகிவிட்டன, கால் வீக்கம்தான் வற்றவில்லை. "அவசரமில்லை, உறைய வை," என்றேன் தொலைபேசியில். குப்பிகள் மல்லாவியில் நான் வேலை செய்யும் மிருக வைத்தியசாலைக்கு வந்து, மாட்டு விந்து வைத்திருக்கும் எங்கள் திரவ நைதரசன் தாங்கிக்குள் இறங்கின.

வீக்கம் வற்றியதும் தாங்கியையும் நுணுக்குக்காட்டியையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். மூடியைத் திறக்க வெண்புகை வழிந்தது. மனைவி பின்வாங்கினார்.

"இம்புட்டுக் குளிருல கெடந்தது உசுரோட இருக்குமா?"

உறைய வைப்பது ஆறுதலாக, உருக்குவது விரைவாக. குப்பியை இளஞ்சூட்டு நீரில் அசைத்து உருக்கினேன். ஒரு துளியில் நீலச் சாயம் கலந்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். செத்த கலத்துக்குள் நீலம் ஏறும்; உயிருள்ளது அதை உள்ளே விடாது.

"நீங்களே பாருங்கோ."

மனைவி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். "நீலமா ஒண்ணு ரெண்டு இருக்கு. மத்ததெல்லாம் மினுமினுன்னு இருக்குங்க."

"மினுங்கிறதெல்லாம் உயிரோட இருக்கு."

"எல்லாம் நம்ம குதிரையோடதா?"

"ஓம், அதின்ரதான்."

கணவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். ஸ்கேனைப் பார்த்தபடியே கலங்கள் நிரப்பிய ஊசியை அந்தக் கறுப்புக்குள் இறக்கினேன்.

பிறகு அவருடைய வேலை. முதலில் கட்டிவைத்து ஓய்வு, அப்புறம் வாய்க்கால் கரையில் மெல்லிய நடை. மாதங்கள் போக, ஓட்டை இருந்த இடத்தில் சாம்பல் நிற இழைகள் நிறைந்தன. கலங்கள் எவ்வளவு செய்தன, அவருடைய பொறுமை எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உயிருள்ளதைத்தான் போட்டேன் என்பது தெரியும்.

ஒரு காலை அவர் தொலைபேசியில் மூச்சிரைத்தார். "டாக்டரம்மா, கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு!"

"நொண்டுதோ?"

"இல்லீங்க. எங்களாலதான் புடிக்க முடியல."