மருதங்கால் ராசா ஓட்டுக் கேட்ட கொடை

மருதங்கால் அய்யனார் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று என் பேத்தியின் கூட்டாளிகள் வழி கேட்டார்கள். நான் போனது தொண்ணூறுகளில், பஞ்சாயத்துத் தேர்தல் வந்த வருடம், புரட்டாசி வெள்ளிக்கிழமை. ராசா என்று ஒருவரைக் கண்ணால் பார்க்கத்தான் போனேன். என் அண்ணன் மனைவி கோமதி மதினிக்குப் பிறந்த ஊர் அது.

நானும் மதினியும் நாங்கள் இருந்த டவுணிலிருந்து ஜங்ஷன் போய்ப் பாபநாசம் பஸ் ஏறினோம். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனாலும் பஸ் போர்டை நானே வாசித்துத்தான் ஏறுவேன். அம்பாசமுத்திரத்துக்கு அப்போது டிக்கெட் ஏழு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடை. நல்ல நிழல் உண்டு.

சமீன் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த வம்சத்தில் வந்த இந்த ராசா வக்கீலுக்குப் படித்தவர். மற்ற நாளில் சைக்கிளில் போவார். கொடையன்று மட்டும் தலைப்பாகையும் வாளுமாகக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து திருநீறு கொடுப்பார். அதை விதைநெல்லில் கலந்துதான் அந்த ஊரில் விதைப்பார்கள். அன்றைக்கு அவர் சாமியைத் தவிர யாரையும் கும்பிடக் கூடாது. அது வழக்கம்.

அந்த வருடம் ராசா பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றார். தாத்தா வெட்டிய குளம் கரை உடைந்து கிடந்தது, அதைக் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. தேர்தலுக்கு நாலு நாள்தான் இருந்தது. அவருக்கு ஓட்டு வேலை பார்த்தது மதினியின் தம்பி சிதம்பரம்.

“எதிர்ல நிக்குறவன் வீடு வீடாப் போயி கும்பிடுதான்க்கா. நம்மாளு கையவே தூக்க மாட்டேங்காரு. இன்னைக்குத் தூக்க வச்சிருதேன் பாரு” என்றான்.

“கொடையன்னைக்கால? வேண்டாம்ல” என்றாள் மதினி. அவன் கேட்கவில்லை.

திருநீற்றுக்கு வரிசை வாய்க்கால் வரை நின்றது. ராசா வந்தார், சாமி கும்பிட்டார். சிதம்பரம் அவர் காதில் ஏதோ சொன்னான். உட்கார வேண்டியவர் தலைப்பாகையோடு படியிறங்கி வந்து, எங்களைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, “எனக்கு ஓட்டுப் போடுங்க” என்றார்.

அவர் மேலே போய் உட்கார்ந்தும் வரிசை நகரவில்லை. முன்னால் நின்ற பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “நம்மளக் கும்பிட்ட கையில நாம எப்படி வே திருநீறு வாங்குறது?” என்று பக்கத்து ஆளிடம் கேட்டுவிட்டு நடந்தார். பின்னால் இருந்தவர்களும் பைய விலகினார்கள்.

“ஏலே சிதம்பரம், ஓட்டும் போச்சு, விதைப்பும் போச்சு. இப்ப நீ போயி உக்காரு அங்கன” என்றாள் ஒருத்தி.

தட்டு நிறையத் திருநீற்றை மடியில் வைத்துக்கொண்டு அவர் தனியே இருந்தார். நான் போய்க் கையை நீட்டினேன். “எந்த ஊரும்மா?” என்று கேட்டார்.

“டவுணு. எனக்கு இங்கன ஓட்டு இல்ல, ராசா.”

“அப்ப யோசிக்காம வாங்கிக்கிடுங்க” என்று சிரித்தார்.

தேர்தலில் அவர் தோற்றார். ஜெயித்தவர்தான் குளத்துக் கரையைக் கட்டினார். மறுவருடமும் போனேன். ராசா யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வரிசை பழையபடி வாய்க்கால் வரை நின்றது, அந்தப் பெரியவரும் அதில் நின்றார். ஊர்க்காரர்கள் அவரைத் தோற்கடித்தது கோபத்தில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அவர்களுக்கு அவர் ராசாவாகவே இருக்க வேண்டும்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். ஊருக்குள் சாப்பாட்டுக் கடை கிடையாது. இப்போது அவர் மகன் உட்காருகிறார். நீங்கள் வணக்கம் சொன்னால் பதிலுக்குக் கையெடுக்க மாட்டார். தப்பாக நினைக்காதீர்கள்.