பிள்ளையாருக்கு ஆயிரத்தொரு மூட்டை உளுந்து

எங்கள் கம்பெனி கிள்ளானில் இருக்கிறது. அரிசி, பருப்பு, மசாலா, எண்ணெய் என்று சாப்பாட்டுக் கடைகளுக்கு வேண்டியதை லோரியில் ஏற்றி, கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், பங்சார் வரைக்கும் கொண்டுபோய் இறக்குவதுதான் தொழில். நான் ஸ்டோர் சூப்பர்வைசர். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் நானும் மனக்கசப்பு இல்லாமல் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் லோரிக்காரர்கள், கடைக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றதுதான்.

ஆர்டர் எடுப்பது ஓர் அக்கா. கம்பெனி கைப்பேசி அவர் கையை விட்டு இறங்கியதே இல்லை. எங்கள் கடைக்காரர்கள் யாரும் இத்தனை கிலோ, இன்ன சாமான் என்று வாயைத் திறந்து சொல்லிவிட மாட்டார்கள். “அக்கா, எப்பவும் போல” என்று ஒரு குரல் பதிவு வரும். பின்னால் தோசைக்கல்லில் கரண்டி உரசும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் ஆர்டர். எந்தக் கடைக்கு ‘எப்பவும் போல’ என்றால் என்ன என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். அதனால் அக்காவுக்கு லீவு என்றால் வியாபாரத்துக்கும் லீவு. ஒருமுறை பல் பிடுங்கிக்கொண்டு வந்து, வீங்கின கன்னத்தோடு அவர் கையால் சைகை காட்ட, நான் மூட்டை ஏற்றியிருக்கிறேன்.

அந்த அக்காவின் மகளுக்கு ஜொகூரில் தலைப்பிரசவம். ஒரு மாதம் லீவு கேட்டார்.

“பொண்ணு முதல் புள்ள பெத்துக்கிறப்ப பக்கத்துல இல்லன்னா, அப்புறம் நான் என்னா அம்மா?”

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர். “போகக்கூடாதுன்னு சொல்லலக்கா. நீங்க போனா நாங்க யார்கிட்ட போறது?” என்றார்.

வாங்குவது, அடுக்குவது, விற்பது, அனுப்புவது எல்லாவற்றையும் ஒரே கணினியில் கோக்கிற பெரிய சிஸ்டம் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று முதலாளி வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்தார். அக்காவின் லீவுதான் அவரை முடிவுக்குக் கொண்டுவந்தது. “சிஸ்டம் ஓடுச்சுன்னா அக்கா போகலாம். ஓடலன்னா, மன்னிச்சுக்குங்க, பழையபடிதான்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீதான் இதுக்குப் பொறுப்பு. உனக்கு வாய் இருக்கு. மத்தவங்களுக்கு வெறும் மூளைதான் இருக்கு” என்றார். இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டம் விற்ற கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பங்சாரில் ஆபீஸ். அப்பா மெதடிஸ்ட் சபைப் போதகர். பொறுமை அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கடையின் ‘எப்பவும் போல’வையும் கேட்டுக் கேட்டு ஏற்றினாள்.

“ஆன்டி, இந்தக் கடைக்கு மாவு?”

“இவரு கேக்குறதுல பாதி போடும்மா. எதிர்க்கடை மச்சானோட போட்டி. கோவம் வந்தா ரெட்டிப்பா கேப்பாரு.”

“அதை எந்தக் கட்டத்துல போடுறது ஆன்டி?”

“கோவம்னு ஒரு கட்டம் இல்லையா? அப்ப என்னா சிஸ்டம் இது?”

ஒருவழியாக எல்லாம் ஏறிவிட்டது. அக்கா சனிக்கிழமைக்கு ஜொகூர் பஸ் டிக்கெட் வாங்கினார். சிஸ்டத்தைத் தொடங்கி வைப்பது அதற்கு முந்தைய திங்கட்கிழமை என்று குறித்தார்கள்.

திங்கட்கிழமை காலை முதலாளி நல்ல நேரம் பார்த்து வந்தார். தேங்காய் உடைத்தார். கணினித் திரையின் நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்தார். விசைப்பலகைக்கும் வைக்க விரலை நீட்டியபோது அந்தப் பெண் பதறி, “அங்கிள், அதுக்கு மட்டும் வேணாம்” என்று இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு முதல் ஆர்டர். எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டு எழுதும் குடும்பம் முதலாளியுடையது. ஆகவே சிஸ்டத்தின் முதல் வாடிக்கையாளர் பிள்ளையார்தான் என்றார்.

“சரி அங்கிள், டெஸ்ட்ல போட்டுக்கலாம். அப்புறம் அழிச்சிடலாம்.”

“பிள்ளையாருக்கே டெஸ்டா? நிஜத்துல போடும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தேங்காயைப் பார்த்தேன்.

பெயர்: பிள்ளையார். முகவரி கொடுக்காமல் சிஸ்டம் மேலே நகரவில்லை. “சாமிக்கு ஏது அட்ரஸ்? எங்கும்னு போடு” என்றார் முதலாளி. தொலைபேசி எண் கேட்டது. “என் நம்பரைப் போடு, நான் சொல்லிக்கிறேன்.” சாதாரணம், முக்கியம், மிக முக்கியம் என்று வாடிக்கையாளர் வகை மூன்று இருந்தது. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. சாமான் என்ன என்றதும் உளுந்து என்றார். கொழுக்கட்டைக்கு அரிசி மாவுதானே என்று அக்கா இழுத்தார். “உளுந்துக் கொழுக்கட்டை சாப்பிட்டதே இல்லையாக்கா நீங்க?” என்று அவர் வாயை அடைத்துவிட்டு, வியாபாரம் பெருக வேண்டும் என்பதற்காக ஆயிரத்தொரு மூட்டை என்றார். அனுப்பும் நாள் வெள்ளிக்கிழமை. எல்லோரும் கைதட்டினோம். ஆளுக்கொரு தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனோம். அந்தப் பெண்ணுக்கு சுங்கை பூலோவில் வேறொரு கம்பெனி காத்திருந்தது. புறப்பட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் ஒருவரிடமிருந்து முதல் போன்.

“என்னய்யா, அரிசி வந்துச்சு, பருப்பு வந்துச்சு, உளுந்து எங்க?”

திரையைப் பார்த்தேன். உளுந்து இருப்பு: இல்லை. தலையைத் திருப்பி ஸ்டோரைப் பார்த்தேன். உளுந்து மூட்டை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுபடி திரையைப் பார்த்தேன். இல்லை. என் கண்ணை நம்புவதா, முதலாளி செலவு செய்து வாங்கியதை நம்புவதா?

ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடலாமே என்றால், சிஸ்டத்தின் சீட்டு இல்லாமல் எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியவனே நான். லோரி டிரைவர் அதைத் தட்டிக் காட்டினார். “நீங்க எழுதுனதுதாண்ணே. கீழ கையெழுத்துகூட போட்டிருக்கீங்க, அழகா இருக்கு.”

முதலாளியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்து அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் அங்கிருந்தபடியே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “சிஸ்டம் சரியாத்தான் ஓடுது அங்கிள். உங்க உளுந்துக்கு டிமாண்ட் பயங்கரமா ஏறியிருக்கு. கங்கிராட்ஸ்!” என்றாள். முதலாளி பூரித்துப்போனார். “பூஜை பண்ணணும்னு சொன்னப்ப சிரிச்சீங்களே!”

புதன்கிழமை போர்ட் கிள்ளான் பக்கத்திலிருந்து லோரிகள் வர ஆரம்பித்தன. எல்லாம் உளுந்து. சரக்கு குறைந்தால் நாம் கேட்காமலே சிஸ்டம் தானாகச் சப்ளையரிடம் ஆர்டர் போட்டுவிடும் என்ற வசதியை முதலாளி ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். நாங்கள் கேட்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. மிளகாய்த்தூளை நகர்த்தி அங்கே உளுந்து. சாப்பாட்டு மேசையை வெளியே தூக்கிப்போட்டு அங்கே உளுந்து. அக்கா இரண்டு பக்கமும் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து, “இல்லண்ணே, உளுந்து சுத்தமா இல்ல” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதிரிப் பொய்யை நிஜமாகச் சொல்வது சுலபம் இல்லை.

வியாழக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் நேரிலேயே வந்து நின்றார்.

“தோசை இல்ல, இட்லி இல்ல, வடை இல்ல. காலையில வர்றவனுக்கு என்ன கொடுக்கிறது? வாழை இலைய விரிச்சு, கழுவி, திரும்பச் சுருட்டிக் கொடுக்கவா? எதிர்க் கடைக்காரன் என்னைப் பாத்து டாட்டா காட்டுறான்யா!”

மூட்டைகளைப் பார்த்ததும் ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். “இவ்வளவு வச்சுக்கிட்டா இல்லன்னு சொன்னீங்க? அக்கா, நீங்களுமா?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைக்காரர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். சரியாகலன்னா இதை மூடிட்டு அக்காவே பாக்கட்டும்.”

அக்காவின் பெட்டி மேசைக்கடியில் இருந்தது. மகளுக்கென்று பெருங்காயம், பூண்டு, நல்லெண்ணெய் எல்லாம் ஒரு வாரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். “இதை மாத்தித் தருவாங்களான்னு கேளு தம்பி.”

“ஏங்க்கா அவசரப்படுறீங்க?”

“அவசரம் எனக்கு இல்ல. வயித்துல இருக்கிறதுக்கு. அது உங்க சிஸ்டத்துக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?”

டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மாற்றப் போகவில்லை. வாய் இருக்கிறது என்று பொறுப்புக் கொடுக்கப்பட்டவன், அக்காவிடம் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் நேரில் வந்தாள். முதலாளி அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார். “இவ்வளவு உளுந்தையும் வாங்குற மகாராசன் யாரும்மா? எனக்குக் காட்டு, நான் கால்ல விழுறேன்!” அப்போதுதான் கடைசி லோரி உளுந்து இறங்கி முடிந்தது. அதற்காகவே காத்திருந்தது போல் பிரிண்டர் ஒரு சீட்டைத் துப்பியது. டிரைவர் எடுத்துப் படித்தார். தலையைச் சொறிந்தார்.

“அண்ணே, எங்கும்னு போட்டிருக்கு. இது ஷா ஆலாம் பக்கமா?”

அவர் கேட்டு முடிக்கவில்லை, முதலாளியின் கைப்பேசி டிங்கென்றது. கோபம் பாதியில் நிற்க, எடுத்துச் சத்தமாகவே படித்தார். “மதிப்புக்குரிய பிள்ளையார் அவர்களே, உங்கள் ஆயிரத்தொரு மூட்டை உளுந்து இன்று உங்களை வந்தடையும்…”

முதலாளி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, “அப்ப ஷா ஆலாம் இல்லையா?” என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. மிக முக்கியமான வாடிக்கையாளர் என்பதால் இருந்த உளுந்தையெல்லாம் சிஸ்டம் அவருக்கே ஒதுக்கி, பற்றாததற்கு வெளியே வாங்கவும் செய்திருந்தது. அவளும் ரிப்போர்ட்டில் மொத்தத்தைப் பார்த்தாளே தவிரப் பெயரைப் பார்க்கவில்லை. “ஸாரி அங்கிள். கேன்சல் பண்ணிடலாம். உங்க பாஸ்வேர்டு மட்டும் போடுங்க.”

முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “பிள்ளையார் ஆர்டரை நான் கேன்சல் பண்றதா? உயிரே போனாலும் மாட்டேன்.”

“நான் அழுத்துறேன் அங்கிள். எனக்கு ஒண்ணும் இல்ல.”

“நீ அழுத்தினாலும் என் பேர்லதானே போகும்? மேல அவருக்குத் தெரியாதா?”

அக்கா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. “மேல இருக்கிறவரு உளுந்து கேக்கல. கேட்டது நான். ஒரு மாசம் லீவு.”

முதலாளி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்தப் பெண்தான் யோசித்து ஒரு வழி சொன்னாள். கொஞ்சம் சரக்கை நிஜமாகவே கொடுத்துவிட்டு, மிச்சம் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னதாக ஆர்டரை முடித்துக்கொள்ளலாம். அது கேன்சல் ஆகாது. முதலாளியின் முகம் தெளிந்தது. “முடிச்சது வேற, கேன்சல் வேற. பக்கத்துக் கோயிலுக்கு ஒரு மூட்டை கொண்டு போங்க!”

டிரைவர் மூட்டையோடு ஓடினார். கோயில் சமையல்கார அண்ணன் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மிச்சத்தை முடிக்கச் சிஸ்டம் காரணம் கேட்டது. பட்டியலில் முதலாவது, ‘வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’. “ஐயோ, அதைத் தொடாதே!” என்று முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ‘வாடிக்கையாளர் மனம் மாறினார்’ என்பதும் சரிப்படவில்லை. கடைசியில், ‘இதுவே போதும் என்றார்’ என்று நானே அடித்தேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார்.

அடுத்த நிமிஷம் பிரிண்டர் பேய் பிடித்தது போல் சீட்டுகளைக் கக்க ஆரம்பித்தது. பிரிக்பீல்ட்ஸ், பங்சார், மறுபடி பிரிக்பீல்ட்ஸ். மத்தியானத்துக்குள் எல்லா லோரியும் கிளம்பிவிட்டன. அன்று எந்தக் கடைக்கும் ‘எப்பவும் போல’ தப்பாகப் போகவில்லை. சாயங்காலம் முதலாளி அக்காவின் மேசைக்கு வந்து நின்று, தொண்டையைச் செருமி, “போயிட்டு வாங்கக்கா” என்றார்.

சனிக்கிழமை நான்தான் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். பெட்டியையும் டிக்கெட்டையும் கொடுத்துவிட்டேன். அக்கா கம்பெனி கைப்பேசியைக் கொடுக்கவில்லை. கையை நீட்டினேன். பஸ் கிளம்பப் போகிறது. கொடுக்கவில்லை. “அக்கா!” என்றேன். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, பார்த்து, மறுபடியும் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.

அதற்குப் பிறகு கடைக்காரர்கள் போன் அடித்தால் என் குரலைக் கேட்டதும் திடுக்கிட்டார்கள். “அக்காவுக்கு என்னாச்சு?” என்பார்கள். சொன்னால், “புள்ள பொறந்துருச்சா?” என்பார்கள். உளுந்து வந்ததா வரவில்லையா என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஒரு நாள் அக்காவே கூப்பிட்டார்.

“பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு உளுந்து போச்சா?”

“போச்சுக்கா.”

“எல்லாக் கடைக்கும்?”

“எல்லாத்துக்கும்.”

“நான் இல்லாமலேயா?”

அவருக்குப் பின்னால் சின்னதாக, கோபமாக ஓர் அழுகைச் சத்தம்.

“பொம்பளப் புள்ள தம்பி. மூணு கிலோ” என்றார் அக்கா. ஆர்டர் எடுத்தே பழகின வாய். எடையைச் சொன்ன பிறகுதான் தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னது.